பாரந்தூக்கி இயக்குநர்: அன்றாடப் பணியும் எந்திரக் கோளாறுகளும்

பாரந்தூக்கி இயக்குநர் என்பவர், மிகுந்த எடையுள்ள பொருள்களைத் தூக்கி, நகர்த்தி, குறித்த இடத்தில் இறக்கும் எந்திரத்தை இயக்கும் தொழிலாளர் ஆவார். தமிழ்நாட்டுப் பணித்தளங்களில் இந்த எந்திரம் 'கிரேன்' என்றும், அதை இயக்குபவர் 'கிரேன் ஆபரேட்டர்' என்றும் அழைக்கப்படுகின்றனர். கட்டடப் பணி, துறைமுகம், எஃகு ஆலை, காற்றாலை நிறுவுதல், பாலப் பணி எனப் பல துறைகளில் இவர்கள் வேலை செய்கின்றனர்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நெம்புகோல்களை அசைக்கும் வேலையாகத் தோன்றும். உண்மையில் பணியின் பெரும்பகுதி சுமை தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எடையை அறிதல், நிலத்தைப் பார்த்தல், கயிற்றைச் சோதித்தல், காற்றைக் கவனித்தல் ஆகியவை அதில் அடங்கும். பெரிய கிரேன் விபத்துகள் பலவற்றின் பின்னால் முன்பே கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஒரு சிறிய குறை இருந்திருக்கிறது. எனவே குறையைக் கண்டறிவதும், தேவையானபோது 'தூக்க முடியாது' என்று சொல்வதும் இத்தொழிலின் முதன்மையான திறன்களாகும்.

கிரேன் வகைகள்

நகரும் கிரேன்: லாரி போன்ற அடிச்சட்டத்தின் மேல் பொருத்தப்பட்டது. இதன் கையான 'பூம்' ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய பெட்டிக் குழாய்களாக நீண்டு சுருங்கும். தூக்கும்போது பக்கவாட்டுத் தாங்குகால்களை விரித்து நிற்கும்.

தொடர்பட்டைக் கிரேன்: டயர்களுக்குப் பதிலாக இரும்புத் தொடர்பட்டைகளில் நகர்வது. காற்றாலை, பாலம், மின்நிலையம் போன்ற பெரும் பணிகளில் பயன்படுகிறது.

கோபுரக் கிரேன்: உயரமான கட்டடங்களின் அருகே நிலையாக நிறுத்தப்படுவது. கட்டடம் உயர உயர இதன் கோபுரமும் உயர்த்தப்படும்.

மேல்நிலைக் கிரேன்: தொழிற்சாலைக் கூரையின் கீழ் இரு தண்டவாளங்களின் மேல் ஓடுவது. மின்சாரத்தால் இயங்கும்.

ஹைட்ரா: சுமையைத் தொங்கவிட்டபடியே சிறிது தூரம் எடுத்துச் செல்லும் சிறிய கிரேன். இது முதலில் ஒரு வணிகப் பெயர். இன்று இந்தியத் தளங்களில் இவ்வகை எந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. தொங்கும் சுமை முன்பக்கப் பார்வையை மறைப்பதும், சுமையைப் பிடித்துக்கொண்டு உதவியாளர் முன்னே நடப்பதும் இதன் பெரிய ஆபத்துகள்.

பணி நாளின் தொடக்கம்

நகரும் கிரேன் இயக்குநரின் நாள், எந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வருவதில் தொடங்குகிறது. இரவில் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை உள்ளதா என்று முதலில் பார்ப்பார். புதிய கறை இருந்தால் மேலே ஏதோ ஒரு குழாயோ முத்திரை வளையமோ கசிகிறது என்று பொருள். அடுத்து எஞ்சின் எண்ணெய், குளிர்நீர், ஹைட்ராலிக் எண்ணெய் ஆகியவற்றின் அளவு, டயர்களின் காற்று, கம்பிக்கயிறு, கொக்கி, கப்பிகள், பூமின் பற்றவைப்பு மூட்டுகள் ஆகியவற்றைப் பார்ப்பார். பெயிண்ட் கோடாக வெடித்திருந்தால் அதன் அடியில் உலோகமும் விரிசல் விட்டிருக்கக்கூடும்.

பின்னர் எஞ்சினை இயக்கி, சுமை இல்லாமல் ஒவ்வோர் இயக்கத்தையும் சோதிப்பார். பூம் உயர்கிறதா, நீள்கிறதா, மேடை சுழல்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கொக்கி உச்சிக்கு வரும்போது லிமிட் சுவிட்ச் நிறுத்துகிறதா என்பவை அவற்றுள் சில. கண்டவற்றை அன்றாடச் சோதனைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவார். சில தளங்களில் இப்பதிவேடு எந்திரத்தைப் பார்க்காமலே நிரப்பப்படுவதும் உண்டு. அப்படி நிரப்பப்பட்ட பக்கத்தால் யாருக்கும் பயனில்லை. அடுத்த முறைப்பணிக்கு வருபவர் அதை நம்பியே சுமையைத் தூக்குவார்.

சுமை அட்டவணை

'50 டன் கிரேன்' என்பதற்கு அது எங்கும் எப்போதும் 50 டன் தூக்கும் என்று பொருளில்லை. பூம் மிகக் குறுகியும், சுமை எந்திரத்துக்கு மிக அருகிலும் இருக்கும்போது மட்டுமே அந்த அளவு பொருந்தும். கிரேனின் சுழல் மையத்திலிருந்து கொக்கி வரை உள்ள கிடைத்தூரம் 'ஆரம்' எனப்படும். ஆரம் கூடக்கூடத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும். பள்ளிப் பாடத்தில் வரும் நெம்புகோல் விதியே இதற்கு அடிப்படை. 5 டன் சுமை 4 மீட்டரில் 20 டன்-மீட்டர் திருப்புத்திறனை உண்டாக்கும். அதே சுமை 12 மீட்டரில் 60 டன்-மீட்டரை உண்டாக்கும். எடை மாறவில்லை என்றாலும் எந்திரத்தைக் கவிழ்க்கும் விளைவு மூன்று மடங்காகிறது.

ஒவ்வொரு கிரேனின் அறையிலும் 'லோடு சார்ட்' எனப்படும் சுமை அட்டவணை இருக்கவேண்டும். பூமின் நீளம், ஆரம், தாங்குகால் விரிப்பு, எதிர் எடை ஆகியவற்றுக்கேற்பத் தூக்கத்தக்க எடையை அது காட்டும். அட்டவணையில் உள்ள எடையில் கொக்கிக் கட்டை, ஸ்லிங், ஷாக்கிள், தூக்குச் சட்டம் ஆகியவற்றின் எடையும் அடங்கும். தூக்கவேண்டிய பொருளின் எடையை மட்டும் பார்ப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. கனமான சுமை எழும்போது பூம் சற்று வளைவதால் ஆரம் கூடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

எடை தெரியாத பொருளைக் கணக்கிட எளிய வழி உண்டு. கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 டன், எஃகு ஏறத்தாழ 7.85 டன். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் கொண்ட கான்கிரீட் கட்டை 5 டன் இருக்கும். 'ரெண்டு டன்தான் இருக்கும்' என்று யாரோ வாய்மொழியாகச் சொல்வதைவிட அளவுநாடா நம்பகமானது.

சுமையைக் கட்டுதல்

சுமையைக் கட்டுபவர் 'ரிக்கர்' எனப்படுகிறார். இரண்டு கால் ஸ்லிங்கில் ஒவ்வொரு காலும் சுமையில் பாதியைத்தான் தாங்கும் என்று எண்ணுவது தவறு. கால்கள் விரிந்து சாயும் அளவுக்கு இழுவிசை கூடும். 2 டன் சுமையை எடுத்துக்கொண்டால், கிடைமட்டத்திலிருந்து 60 பாகைக் கோணத்தில் ஒவ்வொரு காலிலும் ஏறத்தாழ 1.15 டன் இழுவிசை ஏற்படும். 45 பாகையில் அது 1.41 டன் ஆகும். 30 பாகையில் ஒவ்வொரு காலுமே 2 டன் தாங்கவேண்டும். ஆகவே ஸ்லிங் குட்டையாக இருந்து தட்டையாக விரிந்தால், போதுமானது என்று எண்ணிய ஸ்லிங் அறுந்துவிடலாம்.

கூர்மையான விளிம்பு துணிப்பட்டை ஸ்லிங்கை அறுக்கும். அங்கே மரக்கட்டையோ ரப்பர்த் துண்டோ வைத்துக் கட்டவேண்டும். கட்டியபின் சுமையைத் தரையிலிருந்து சில அங்குலம் மட்டும் உயர்த்தி நிறுத்துவது வழக்கம். சுமை சமமாக உள்ளதா, பிரேக் தாங்குகிறதா, தாங்குகால்கள் அமிழ்கின்றனவா என்பவை அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

நிலமும் தாங்குகால்களும்

கிரேனும் சுமையும் சேர்ந்த எடை முழுவதையும் நான்கு தாங்குகால்கள் நிலத்துக்குக் கடத்துகின்றன. சுமை எந்தப் பக்கம் உள்ளதோ அந்தப் பக்கத்துக் கால் மிகுதியாக அழுத்தும். ஒரு காலில் 20 டன் விசை வருவதாகக் கொள்வோம். அதன் அடித்தட்டு அரை மீட்டர்ச் சதுரமாக இருந்தால் நிலத்தின் மீது ஒரு சதுர மீட்டருக்கு 80 டன் அழுத்தம் ஏற்படும். அதே காலின் கீழ் ஒன்றரை மீட்டர்ச் சதுரத்தில் உறுதியான கட்டைகளை அடுக்கினால் அழுத்தம் ஏறத்தாழ 9 டன்னாகக் குறையும். தளத்தில் கிடக்கும் உடைந்த பலகையை வைத்துவிட்டுத் தூக்குவதற்கும், முறையான ஸ்லீப்பர் கட்டை வைத்துத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மண் நிரப்பி மூடிய பள்ளம், பழைய சாக்கடை, குடிநீர்க் குழாய்த்தடம், கழிவுநீர்த் தொட்டி ஆகியவை மேலிருந்து பார்த்தால் உறுதியான தரையாகவே தெரியும். மழைக்குப்பின் இவை மேலும் நம்பத்தகாதவை. இடம் போதவில்லை என்று தாங்குகாலைப் பாதி மட்டும் விரிப்பதும் ஆபத்தானது. அதற்கான தனி அட்டவணை இல்லாத எந்திரத்தில் அவ்வாறு தூக்கக்கூடாது.

கம்பிக்கயிறு, கப்பி, கொக்கி

கம்பிக்கயிறு திடீரென்று அறுந்ததாகச் சொல்லப்பட்டாலும், அது பெரும்பாலும் பல நாள்களாக அறிகுறி காட்டியிருக்கும். உடைந்த நுண்கம்பிகள் முள்போல் வெளியே நீட்டிக்கொண்டிருத்தல், விட்டம் குறைதல், துரு, நசுங்கல், முடிச்சுபோல் மடிந்த தழும்பு, இழைகள் பிரிந்து கூண்டுபோல் உப்புதல் ஆகியவை அவ்வறிகுறிகள். கயிறு எப்போது கழிக்கப்படவேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 4309 என்னும் பன்னாட்டுத் தரநிலை உள்ளது. மடிந்த கயிற்றை நிமிர்த்திப் பயன்படுத்தலாம் என்பது தவறான நம்பிக்கை. மடிப்பில் இழந்த வலிமை திரும்பி வராது.

கயிறு விரைவில் தேய்ந்தால் கப்பியையும் பார்க்கவேண்டும். பள்ளம் தேய்ந்த கப்பியும், சுழலாமல் இறுகிய கப்பியும் புதுக்கயிற்றையும் சில வாரங்களில் கெடுத்துவிடும். உருளையில் கயிறு ஒழுங்காகச் சுற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், சுமை வரும்போது மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கிடையே வெட்டி இறங்கும். கொக்கி எவ்வளவு தாழ்ந்தாலும் உருளையில் குறைந்தது இரண்டு மூன்று சுற்றுகள் எஞ்சியிருக்கவேண்டும். கொக்கியின் வாய் விரிந்திருந்தாலோ முறுகியிருந்தாலோ அது அளவுக்கு மீறிய சுமையை ஏற்கெனவே தாங்கியது என்று பொருள். அதைச் சூடேற்றி வளைத்துப் பயன்படுத்தக் கூடாது.

ஹைட்ராலிக் கோளாறுகள்

பூம் மெதுவாக உயர்வது, சுமையைத் தாங்கி நிற்கும்போது தானாகச் சிறிது சிறிதாக இறங்குவது, எண்ணெய் விரைவில் சூடாவது, பம்பில் அரைக்கும் ஒலி எழுவது ஆகியவை அடிக்கடி நேரும் கோளாறுகள். எண்ணெய்க் குறைவு, அடைபட்ட வடிகட்டி, எண்ணெயில் கலந்த காற்று, தேய்ந்த பம்பு ஆகியவை ஒலிக்கும் மெதுவான இயக்கத்துக்கும் காரணமாகலாம். பூம் தானாக இறங்கினால், சிலிண்டரின் உள்முத்திரையோ பூட்டு வால்வோ கசிகிறது. தாங்குகாலில் இதே குறை ஏற்பட்டால் எந்திரமே மெல்லச் சாயும்.

கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. உயர் அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை வழியாகவும் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்லும். காயம் சிறிய புள்ளியாகவே தெரியும். ஆனால் உடனே அறுவை மருத்துவம் கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். எனவே அட்டைத்துண்டைக் காட்டியே கசிவைத் தேடவேண்டும்.

மின் கோளாறுகளும் பாதுகாப்புக் கருவிகளும்

மேல்நிலைக் கிரேன்களில் பிரேக் லைனர் தேய்தல், கான்டாக்டர் முனைகள் ஒட்டிக்கொள்ளுதல், மூன்று மின்கட்டங்களில் ஒன்று அறுதல், சக்கர விளிம்பு தேய்தல் ஆகியவை வழக்கமான கோளாறுகள். கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் பொத்தானை விட்டபின்னும் கொக்கி ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது அவசர நிறுத்தப் பொத்தானே துணை.

நகரும் கிரேன்களில் இரு கருவிகள் முக்கியமானவை. ஒன்று, எடையையும் ஆரத்தையும் ஒப்பிட்டு எச்சரிக்கும் சுமைகாட்டி. மற்றொன்று, கொக்கிக் கட்டை பூம் முனையில் மோதாமல் தடுக்கும் லிமிட் சுவிட்ச். கயிற்றைத் தளர்த்தாமல் பூமை நீட்டினால் கொக்கி தானாக மேலே போய் முனையில் மோதும். சுவிட்ச் இல்லாவிட்டால் கயிறு அறுந்து சுமை விழும்.

எச்சரிக்கை மணி தொடர்ந்து ஒலித்து வேலையைத் தடுப்பதால், சில இடங்களில் இக்கருவிகளின் இணைப்பைத் துண்டித்துவிடுகின்றனர். 'சென்சார் கோளாறு' என்று காரணம் சொல்லப்படும். சென்சார் உண்மையிலேயே கெட்டிருந்தால் சரிசெய்யும் வரை எந்திரம் நிற்கவேண்டும். கெடவில்லையென்றால் அது சொல்வது உண்மை. இரு நிலையிலும் இணைப்பைத் துண்டிப்பது தீர்வு ஆகாது.

காற்றும் மின்கம்பியும்

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அகன்ற தகடு, பலகைச் சட்டம், காற்றாலை இறக்கை போன்றவை எடை குறைவாக இருந்தாலும் பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும். எந்த வேகத்தில் நிறுத்தவேண்டும் என்பதை உற்பத்தியாளரின் கையேடு கூறும். பணி முடிந்தபின் கோபுரக் கிரேனின் சுழல் பிரேக் விடுவிக்கப்படுகிறது. கை காற்றின் திசைக்குத் தானே திரும்பி நின்றால்தான் கோபுரத்தின் மீது விழும் விசை குறையும். இதை அறியாதவர்கள், கிரேன் இரவில் தானாகச் சுற்றுவதைக் கண்டு கோளாறு என்று எண்ணுவதுண்டு.

மேலே செல்லும் மின்கம்பி மற்றோர் ஆபத்து. பூம் கம்பியைத் தொடாவிட்டாலும், உயர் அழுத்தக் கம்பிக்கு மிக நெருங்கினாலே மின்சாரம் காற்றில் பாயலாம். தொட்டுவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும் வரை இயக்குநர் அறைக்குள்ளேயே இருப்பது பாதுகாப்பு. தீப்பிடித்தால் மட்டும், எந்திரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையை விட்டு எடுக்காமல் சிறுசிறு நகர்வுகளாக விலகவேண்டும். கால்களை அகல வைத்தால் இரு பாதங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு மின்சாரம் உடலில் பாயும்.

சைகை மொழி

இயக்குநர் பல நேரங்களில் சுமையைப் பார்க்க முடியாது. சிக்னல்மேனின் கையே அவருக்குக் கண். ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் 'தூக்கு' என்றும், கீழ்நோக்கிச் சுழற்றினால் 'இறக்கு' என்றும் பொருள். கையை நீட்டிக் கட்டைவிரலை மேலே காட்டினால் 'பூமை உயர்த்து' என்று பொருள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே சைகை காட்டவேண்டும். இதற்கு ஒரே விலக்கு 'நிறுத்து' என்னும் சைகை. அதைத் தளத்திலுள்ள யார் காட்டினாலும் இயக்குநர் உடனே நிறுத்தவேண்டும். சிக்னல்மேன் பார்வையிலிருந்து மறைந்தாலும், வாக்கி டாக்கியில் பேச்சு அறுந்தாலும் இயக்கத்தை நிறுத்துவதே விதி.

இயக்குநரின் உடல்நிலை

அதிர்வும், நீண்டநேரம் குனிந்தோ நிமிர்ந்தோ பார்ப்பதும் முதுகுவலி, கழுத்துவலி ஆகியவற்றைத் தருகின்றன. குளிரூட்டி இல்லாத கண்ணாடி அறை கோடையில் வெளியைவிட வெப்பமாக இருக்கும். கோபுரக் கிரேன் இயக்குநர் ஏணியில் ஏறி உச்சிக்குச் சென்றால் உணவு இடைவேளை வரை இறங்குவது அரிது. கழிப்பறைக்குச் செல்லவேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்களும் உள்ளனர். நீரிழப்பும் தூக்கமின்மையும் கவனத்தைக் குறைக்கின்றன. எந்திரத்தின் எண்ணெய் அளவைப் பார்ப்பதுபோலவே இயக்குநரின் ஓய்வையும் தளப் பொறுப்பாளர் பார்க்கவேண்டும்.

விபத்துகள் காட்டும் காரணங்கள்

1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், விளையாட்டரங்கக் கூரையின் ஒரு பெரிய பகுதியைத் தூக்கிய 'பிக் புளூ' என்னும் கிரேன் காற்று வீசிய நாளில் சரிந்து, மூன்று இரும்புப் பணியாளர்கள் இறந்தனர். தூக்கிய கூரைப் பகுதியின் மீது விழும் காற்று விசை போதிய அளவு கணக்கிடப்படவில்லை.

2008 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் கோபுரக் கிரேன் ஒன்று உயர்த்தப்படும்போது, கனத்த எஃகு வளையத்தைத் தாங்கிய துணிப்பட்டை ஸ்லிங்குகள் அறுந்தன. கிரேன் சாய்ந்து ஏழு பேர் இறந்தனர்.

2015 செப்டம்பர் 11 அன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலில், பூம் உயர்த்திய நிலையில் நிறுத்தப்பட்டிருந்த தொடர்பட்டைக் கிரேன் புயல்காற்றில் விழுந்து நூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். அப்போது அது எந்தச் சுமையையும் தூக்கவில்லை.

2020 பிப்ரவரி 19 அன்று சென்னைப் புறநகரில் ஒரு திரைப்படப் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் இறந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில் பெரிய கிரேன் ஒன்று சோதனை நேரத்தில் விழுந்து 11 பேர் இறந்தனர்.

சுமை தூக்கும்போது மட்டுமல்ல, கிரேனை நிறுவும்போதும், சோதிக்கும்போதும், வெறுமனே நிறுத்தி வைத்திருக்கும்போதும் ஆபத்து உண்டு என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

சட்டமும் நிறுத்தும் உரிமையும்

இந்தியாவில் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29 ஆம் பிரிவு தூக்கு எந்திரங்கள், சங்கிலிகள், கயிறுகள் ஆகியவற்றுக்கு விதிகளை வகுத்தது. 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்கவேண்டும், பாதுகாப்பான வேலைச் சுமைக்கு மேல் ஏற்றக்கூடாது, ஓடும் கிரேனின் பாதையில் ஒருவர் வேலை செய்தால் கிரேன் அவரை 6 மீட்டருக்குள் நெருங்காமல் தடுக்கவேண்டும் என்பவை அவற்றுள் சில.

ஆண்டுச் சோதனைச் சான்றிதழ் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். மறுநாள் கயிறு மடிந்தால் அதைச் சான்றிதழ் அறியாது, இயக்குநர்தான் அறிவார். ஆனால் அவர் மீது பல பக்கங்களிலிருந்தும் அழுத்தம் வருகிறது. கிரேன் பெரும்பாலும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கப்படுகிறது. நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகிறது. கான்கிரீட் வண்டிகள் காத்து நிற்கின்றன. 'நேற்று வந்தவர் இதையே தூக்கினாரே' என்று கேட்பதும் வழக்கம். தினக்கூலிக்கு வேலை செய்யும் இயக்குநர் மறுத்தால் நாளை வேறொருவர் அழைக்கப்படலாம்.

இதனால்தான் நல்ல தளங்களில் 'நிறுத்தும் உரிமை' எழுத்து வடிவில் தரப்படுகிறது. எடை தெரியாவிட்டால், அட்டவணையைத் தாண்டினால், நிலம் அமிழ்ந்தால், காற்று மிகுந்தால், கருவி பழுதானால் இயக்குநர் மறுக்கலாம். அதற்காக அவர் கூலியை இழக்கமாட்டார் என்பதே அதன் பொருள். மறுக்கும்போது காரணத்தை எண்ணில் சொல்வது பயன்தரும். 'முடியாது' என்று மட்டும் சொன்னால் அது பிடிவாதமாகத் தோன்றும். '14 மீட்டர் ஆரத்தில் அட்டவணை 4 டன் காட்டுகிறது, கொக்கியும் ஸ்லிங்கும் சேர்த்து நம் சுமை 5 டன். வண்டியை மூன்று மீட்டர் முன்னால் கொண்டுவந்து மறுபடி பார்க்கலாம்' என்று சொன்னால் அது பொறியாளருடனான பேச்சாக மாறுகிறது. பெரும்பாலும் வேலை நின்றுவிடுவதில்லை. அரை மணி நேரம் தாமதமாக, பாதுகாப்பாக நடந்து முடிகிறது.